கோபத்துக்கு எத்தனை ஷேடு

திருப்பூரில் லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணி, பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பகல் வெளிச்சத்தில், பையர் (துணி வாங்குகிறவர்) அனுப்பிய ஸ்வாட்சோடு, அதாவது நிற மாதிரித் துண்டோடு, அச்சாகப் பொருந்துகிற துணி, கடை விளக்கில் வைத்தால் வேறு நிறமாகிவிடும். அதனால்தான் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம் மாதிரியான டி65 விளக்கில் ஒரு தடவை, கடை விளக்கு மாதிரியான டி.எல்.84 விளக்கில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரு விளக்கில் சேர்ந்து இன்னொன்றில் பிரிவதற்கு மெட்டமெரிசம் என்று பெயர்.

ஆங்கிலத்தில் கோபத்துக்கு உள்ள சொற்களும் இந்த மாதிரிதான். ஆங்க்ரி, அனாய்ட், அப்செட், இன்டிக்னன்ட், ஐரேட், ரிசென்ட்ஃபுல் எல்லாவற்றுக்கும் அகராதி வெளிச்சத்தில் 'கோபமான' என்ற ஒரே நிறம். மெயிலில் எழுதி அடுத்தவர் படிக்கும்போதுதான் ஷேடு பிரிகிறது. அப்போது திருத்தவும் முடியாது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் இதை ஏணியாகப் போட்டுக் காட்டுவார்கள். கீழே அனாய்ட், நடுவில் ஆங்க்ரி, உச்சியில் ஃப்யூரியஸ். ஏணி தப்பில்லை, ஆனால் அது அளவை மட்டும்தான் காட்டும். இந்தச் சொற்களை முதலில் பிரிப்பது காரணம். கோபம் எதனால் வந்தது என்று முடிவு செய்துவிட்டால் பாதிச் சொற்கள் தானாகக் கழிந்துவிடும். அடுத்து, அது வெளியே தெரிகிறதா, உள்ளேயே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்றோடு போனதா, வருஷக்கணக்கில் நிற்கிறதா என்பதும் யார் யார்மேல் என்பதும் அதற்குப் பிறகு. 'எவ்வளவு' என்ற கேள்வி கடைசியில் வந்தால் போதும்.

நமக்கு இந்தக் கணக்கு புதிதும் இல்லை. வெகுளி, அதாவது கோபம், நான்கு வகை என்று தொல்காப்பியம் சொல்லும்போது பெரிய கோபம், சின்னக் கோபம் என்று பிரிக்கவில்லை. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று காரணத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. உறுப்பை அறுப்பதால் வருவது ஒன்று, குடியை நலிவதால் வருவது ஒன்று, அலைப்பதாலும் கொல்வதாலும் வருவது மற்ற இரண்டு. ஆங்கிலச் சொற்களைப் படிக்கவும் இந்த வழிதான் கை கொடுக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'அப்பாவுக்குக் கோவமுங்க' என்று வீட்டில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒரு வாக்கியம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வரும்.

மகன் மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்து போய்விட்டான், தொட்டி நிரம்பி வழிகிறது. அப்பா அனாய்ட். ஒரு செயல், ஒரு தொந்தரவு, சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். பக்கத்துக் காட்டில் காலையிலிருந்து ஒலிபெருக்கி ஓயாமல் கத்துகிறது. இப்போது இரிடேட்டட் பொருந்தும். இது உரசிக்கொண்டே இருக்கிற சின்ன விஷயத்தால் வருவது. தோல் அரிப்புக்கும் கண் உறுத்தலுக்கும் இரிடேட் என்றே சொல்வார்கள். நம் 'எரிச்சல்' மிளகாய் பட்ட கைக்கும் வருகிறது, மனசுக்கும் வருகிறது. இரண்டு மொழியும் இவ்வளவு ஒட்டி நடப்பது அபூர்வம் என்பதால், இரிடேட்டட் வரும் இடத்தில் 'எரிச்சல்' என்று வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. பெரும்பாலும் தப்பாது.

அதே மகன் அதே வாரத்தில் மூன்றாவது தடவை மோட்டாரை மறந்துவிட்டான். இனி எக்ஸாஸ்பரேட்டட். 'எத்தனை தடவடா சொல்றது' என்று தலையில் கை வைக்கும் கோபம் இது. பொறுமை தேய்ந்து சலிப்பு பாதி, கோபம் பாதி. லத்தீனில் 'ஆஸ்பர்' என்றால் சொரசொரப்பு. எக்ஸாஸ்பரேட் அதிலிருந்து வந்தது. பத்துத் தடவை விளக்கியும் புரியாத மாணவன்மேல் வாத்தியாருக்கு வருவது, பிள்ளைமேல் தாய்க்கு வருவது எல்லாம் இதுதான். எதிரியைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் ஒட்டாது, ஏனென்றால் இதில் இன்னும் உறவு இருக்கிறது.

வாய்க்காலில் நம் முறை வந்திருக்கிறது. தண்ணீர் வரும் நேரம் பார்த்து மடை அடைத்துக்கொண்டது, ஆளைக் கூப்பிட்டால் ஆள் இல்லை, போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. அப்பா ஃப்ரஸ்ட்ரேட்டட். இந்தச் சொல்லை நம் ஆட்கள் 'விரக்தி' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது எனக்கு ஒப்புதல் இல்லை. விரக்தி என்றால் பற்று விட்டுப்போய், 'எப்படியோ போகட்டும்' என்று உட்கார்ந்துவிட்ட நிலை. ஃப்ரஸ்ட்ரேட்டட் ஆனவர் இன்னும் விடவில்லை, முட்டிக்கொண்டிருக்கிறார். லத்தீனில் 'ஃப்ரஸ்ட்ரா' என்றால் வீணாக. செய்கிற முயற்சி வீணாகிக்கொண்டே இருப்பதால் வரும் கோபம் அது. நூல் விலை ஏறி, கூலி ஏறாமல், மூன்றாவது பேச்சுவார்த்தையும் முடிவில்லாமல் எழுந்த சோமனூர் விசைத்தறிக்காரர் ஃப்ரஸ்ட்ரேட்டட். தறியை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனபிறகு இருப்பதுதான் விரக்தி.

பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை ஓரடி தள்ளிப் போட்டுவிட்டார். இங்கே அனாய்ட் என்று எழுதினால் விஷயமே செத்துவிடும். அப்பா இன்டிக்னன்ட். 'டிக்னஸ்' என்றால் தகுதி, 'இன்' அதை மறுக்கிறது. 'இது தகாது' என்ற எண்ணமே கோபமாகியிருக்கிறது. நஷ்டம் ஓரடி மண்தான். ஆனால் கேட்பது மண்ணை மட்டும் இல்லை, நியாயத்தை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறவரின் மனநிலைக்கு மிக நெருக்கமான ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை உண்டு. அற்ப விஷயத்துக்கு இன்டிக்னன்ட் என்று எழுதினால், 'அவராகவே அநியாயம் நடந்ததாக நினைத்துக்கொள்கிறார்' என்ற தொனி வந்துவிடும். காபிக்குச் சர்க்கரை குறைந்ததற்கு ஒருவரை இன்டிக்னன்ட் என்றால் அது அவரை இளக்காரம் செய்வதாகிவிடும்.

அந்தக் கோபம் ஊருக்கே பொதுவாகும்போது அவுட்ரேஜ். இதை 'அவுட்', 'ரேஜ்' என்று இரண்டாக உடைத்து, 'வெளியே வெடித்த வெறி' என்று பொருள் சொல்வதை நிறைய இடத்தில் பார்க்கலாம். அது தவறு. பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'அல்ட்ரா', அதாவது அப்பால். வரம்பு மீறல் என்பதுதான் மூலப்பொருள். அதனால் அவுட்ரேஜ் என்பது மீறிய செயலையும் குறிக்கும், அதைக் கண்டு எழும் கோபத்தையும் குறிக்கும். நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியபோது கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கு இருந்தது அனாயன்ஸ் இல்லை. ஒவ்வொருவரும் இன்டிக்னன்ட், ஊர் சேர்ந்து எழுந்தது அவுட்ரேஜ். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை நின்றுபோன தொழிலாளிக்கு இருந்த கோபத்துக்கு இந்த இரண்டு சொல்லும் முழுதாகப் பொருந்தாது. அவர் ஃப்ரஸ்ட்ரேட்டட், அதோடு பயமும் உண்டு. ஒரே ஆறு, இரண்டு ஷேடு.

வரப்புக் கதைக்குத் திரும்புவோம். பத்து வருஷம் ஆகிவிட்டது. பங்காளியும் அப்பாவும் நேரில் பார்த்தால் 'வாங்க' என்று கேட்டுக்கொள்கிறார்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறார்கள். ஆனால் அந்த ஓரடி மறக்கவில்லை. இதற்கு ரிசென்ட்மென்ட் என்று பெயர். 'ரி' என்றால் மறுபடி, 'சென்டிர்' என்றால் உணர்தல். ஆறின புண்ணை மறுபடி மறுபடி தொட்டுப் பார்க்கிற கோபம். கத்தல் இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. நம் ஊரில் 'மனசுல வெச்சுட்டே இருக்கறாரு' என்பது இதற்கு மிகச் சரியான தமிழ். கிரட்ஜ் இதன் பக்கத்து வீடு. ஆனால் கிரட்ஜ் என்பதில் கணக்குத் தீர்க்கும் எண்ணம் கொஞ்சம் கூடுதல், நம் 'கறுவு' மாதிரி. ரிசென்ட் வினையாக வரும்போது இடையில் எந்த ஒட்டுச் சொல்லும் வேண்டாம். 'ஹி ரிசென்ட்ஸ் ஹிஸ் கசின்' அவ்வளவுதான். 'ரிசென்ட்ஸ் ஆன்' என்று எழுதக் கூடாது. பின்னால் வினை வந்தால் 'இங்' சேர வேண்டும்: 'ஹி ரிசென்ட்ஸ் பீயிங் டோல்ட் வாட் டு டூ.'

இப்போது நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் சொல். மகன் நகையை அடகு வைத்துவிட்டான், அதை அப்பா ஒறம்பரை (உறவினர்) வீட்டில் கேள்விப்படுகிறார். அவர் அப்செட். கோபமும் வெசனமும் கலந்தது. இதை எழுதும்போதுதான் தமிழ் நம்மைக் குழிக்குள் தள்ளும். 'மாமனுக்கு உங்க மேல வருத்தமுங்க' என்று ஒருவர் வந்து சொன்னால், மாமன் அழுதுகொண்டிருக்கிறார் என்று நம் வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோபத்தை மரியாதையாகச் சொல்லும் முறை அது. அதை அப்படியே 'ஹி இஸ் சேட் ஆன் யூ' என்று ஆங்கிலத்தில் போட்டால் கோபம் காணாமல் போய்விடும், வாக்கியமும் உடைந்துவிடும். 'ஹி இஸ் அப்செட் வித் யூ' என்றால் மாமனின் வருத்தம் அப்படியே வந்து நிற்கும். 'அப்செட் அபவுட்' என்றால் விஷயத்தைப் பற்றிய வெசனம் மேலோங்கும், 'அப்செட் வித்' என்றால் ஆள்மேல் கோபம் மேலோங்கும். அந்த ஒரு சின்னச் சொல்லில் பாரம் மாறிவிடுகிறது. ஆங்கர் என்ற சொல்லே பழைய நார்ஸ் மொழியில் 'ஆங்ர்', துயரம் என்ற பொருளில் இருந்து வந்ததுதான். ஆங்விஷ், ஆங்ஸைட்டி இரண்டும் அதே வேர், நெஞ்சை இறுக்குவது என்பது அடிப்பொருள். வருத்தத்தையும் கோபத்தையும் ஒரே சொல்லில் வைத்தது நாம் மட்டும் இல்லை.

சூடான சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம், இவற்றில் குழப்பம் குறைவு. ஃப்யூரியஸ் என்றால் கடுங்கோபம், எந்தக் காரணத்துக்கும் வரலாம். லிவிட் அதே அளவுதான், பேச்சு வழக்கில் அதிகம். ஆனால் இதன் பழைய பொருள் ஈய நிறம், அடிபட்டுக் கன்றிப்போன நீலம். கோபம் என்றால் முகம் சிவக்கும் என்று பழகிய நமக்கு இது விநோதமாக இருக்கும். ஐரேட் என்பதைத் தன்னைப் பற்றி யாரும் சொல்லிக்கொள்வதில்லை. 'ஐரேட் கஸ்டமர்' என்று அடுத்தவரைப் பற்றிச் செய்தியிலோ ரிப்போர்ட்டிலோ எழுதுவது. ராத் என்பது தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரின் கோபம். கடவுள், அரசன், ஆத்தா. மேனேஜரின் கோபத்தை ராத் என்று எழுதினால் அவருக்குக் கிரீடம் வைத்த மாதிரி ஆகிவிடும். ரேஜ் என்றால் கட்டு மீறியது. லத்தீனில் 'ரேபிஸ்', நாய்க்கடி நோயின் பெயரும் அதுவே. தமிழிலும் வெறிபிடித்த நாய், வெறிபிடித்த மனிதன் இரண்டுக்கும் ஒரே சொல். கை ஓங்கிவிட்டது, பொருள் உடைந்தது என்றால் ரேஜ், அதற்கு முன்னால் இல்லை.

இந்த உச்சச் சொற்களுக்கு முன் வெரி போடக் கூடாது. 'வெரி ஆங்க்ரி' சரி, 'வெரி ஃப்யூரியஸ்' காதுக்கு இடிக்கும். ஃப்யூரியஸில் அந்த 'ரொம்ப' ஏற்கெனவே இருக்கிறது. வேண்டுமென்றால் 'அப்ஸல்யூட்லி ஃப்யூரியஸ்'.

கோயமுத்தூர் பட்டறைக்காரர்களுக்கு டெம்பர் என்ற சொல்லை விளக்கவே தேவையில்லை. காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி எடுத்த எஃகு கடினமாக இருக்கும், ஆனால் தட்டினால் தெறித்துவிடும். அதைக் குறைந்த சூட்டில் மறுபடி காய்ச்சி, கடினமும் உறுதியும் சரிசமமாக வரச் செய்வதுதான் டெம்பர். கிரைண்டிங்கில் அழுத்திப் பிடித்து உளி முனை நீலம் பாய்ந்துவிட்டால் 'டெம்பர் போயிருச்சு' என்பார்கள். சரியான விகிதத்தில் கலப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. மனசுக்கும் அந்தச் சமநிலைதான் டெம்பர். 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' என்றால் சமநிலை போனது, அதாவது கோபம் வந்தது. பிற்பாடு கோபத்துக்கே டெம்பர் என்று பெயர் வந்துவிட்டதால், 'ஹி ஹேஸ் எ டெம்பர்' என்றால் மூக்கு மேல் கோபம் உள்ளவர் என்று பொருள். இழந்தாலும் கோபம், வைத்திருந்தாலும் கோபம். மாணவர்கள் குழம்புவது நியாயமே. எஃகை நினைத்துக்கொண்டால் முதல் பொருள் மறக்காது. இன்னொன்று: லாஸ்ட் என்பது ஒரு நிகழ்ச்சி, ஹேஸ் என்பது சுபாவம். ஒரு தடவை கத்தியவரைப் பற்றி 'ஹி ஹேஸ் எ டெம்பர்' என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சீத் என்ற வினையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதன் பழைய பொருள் கொதித்தல்தான். ஆனால் நாம் 'கொதிச்சுப் போயிட்டாரு' என்றால் ஊருக்கே கேட்டிருக்கும். ஆங்கிலத்தில் சீதிங் என்றால் மூடி போட்ட கொதி. வாய் பேசாது. சொல் பொருந்தியும் ஷேடு தப்புகிற இடம் இது. வெடுக்கென்று விழுவதற்கு 'ஸ்னாப்ட் அட் மீ' இருக்கிறது, அதற்குத் தயங்காமல் அதையே எடுக்கலாம்.

கோவிச்சுக்கறது என்பதற்கு மட்டும் ஒற்றைச் சொல் தேடிப் பயனில்லை. கோபப்படுவது வேறு, கோவிச்சுக்கறது வேறு. சீர் வரிசையில் முறை தப்பியதற்கு மாமன் சாப்பிடாமல் எழுந்து போகிறாரே, அதில் கோபம் உண்டு, ரோசம் உண்டு, வந்து கூப்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. சல்க் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சின்னப் பிள்ளை உம்மென்று மூலையில் உட்கார்வது. பெரியவருக்குப் போட்டால் அவமரியாதை. 'டுக் அஃபென்ஸ்' என்பதே மாமனின் மரியாதையைக் காப்பாற்றும். எழுந்து போனதையும் சொல்ல வேண்டுமென்றால் 'டுக் அஃபென்ஸ் அண்ட் லெஃப்ட் விதவுட் ஈட்டிங்' என்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது உத்தமம்.

பிழைகளில் முதலிடம் 'ஆங்க்ரி ஆன் மீ'. காரணம் வெளிப்படை. 'என் மேல கோவம்' என்பதில் உள்ள மேல், ஆன் ஆகிவிடுகிறது. ஆள் என்றால் ஆங்க்ரி வித் அல்லது அட், விஷயம் என்றால் ஆங்க்ரி அபவுட். ஷவுட்டும் அப்படித்தான், 'ஷவுட்டட் அட் மீ'. அடுத்தது 'ஐ ஆம் இரிடேட்டிங்'. நான் அடுத்தவரை எரிச்சல்படுத்துகிற ஆள் என்று நாமே ஒப்புக்கொள்வது அது. பட்டவருக்கு இரிடேட்டட், படுத்துவதற்கு இரிடேட்டிங். அனாய்ட், ஃப்ரஸ்ட்ரேட்டட் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

நாடு பார்த்தும் எழுத வேண்டியிருக்கிறது. அமெரிக்கர் 'மேட் அட் யூ' என்றால் கோபம். பிரிட்டிஷ்காரருக்கு மேட் என்பது முதலில் பைத்தியம். 'மேட் அபவுட்' என்றால் இரண்டு பேருக்கும் உயிரான பிரியம். கிராஸ் பிரிட்டிஷ் வீட்டுச் சொல், பிள்ளைகள்மேல் வரும் லேசான கோபம். பிஸ்ட் என்பது அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் குடிபோதை. எங்கேயானாலும் கொச்சை, ஆபீஸ் மெயிலில் வேண்டாம்.

திருப்பூர், கரூர் மெர்ச்சண்டைசர்கள், அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்கள், கவனிக்க வேண்டிய சொல் இது எதிலும் இல்லை. 'வீ ஆர் டிஸப்பாயின்டட்.' அகராதியில் ஏமாற்றம் என்று இருப்பதால், பையருக்குக் கொஞ்சம் மனசு கஷ்டம், அவ்வளவுதான் என்று படித்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுகிறார்கள். வியாபார ஆங்கிலத்தில், முக்கியமாகப் பிரிட்டிஷ் கையில், இது கனமான கோபம். உங்களை நம்பினோம், அந்த நம்பிக்கை விழுந்துவிட்டது என்று பொருள். 'கன்சர்ன்ட்' அதற்கு முந்தைய எச்சரிக்கை. 'ஸர்ப்ரைஸ்ட்' என்று வந்தாலும் அது ஆச்சரியம் இல்லை, 'இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை' என்பதுதான். 'அன்அக்செப்டபிள்' வந்துவிட்டால் முதலாளிக்கு உடனே போன் போட வேண்டும்.

பதில் எழுதும்போது 'ப்ளீஸ் டோன்ட் கெட் ஆங்க்ரி' என்று தொடங்கக் கூடாது. நம் ஊரில் 'கோவிச்சுக்காதீங்க' என்பது பணிவு. ஆங்கிலத்தில் அது, உங்கள் கோபம்தான் பிரச்சினை என்று சொல்வதாகப் படிக்கப்படும். 'சாரி இஃப் யூ ஆர் அப்செட்' என்பதில் இஃப் கெடுக்கிறது, கோபம் வந்ததா இல்லையா என்றே சந்தேகப்படுகிற மாதிரி. 'ஐ அண்டர்ஸ்டேண்ட் யுவர் ஆங்கர்' என்றாலும் குத்தும். 'ஐ அண்டர்ஸ்டேண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன்' என்பதை எழுதலாம். உங்கள் வேலை எங்களால் தடைபட்டது என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. அந்த ஒரு வரி போதும். அடுத்த வரி தாமதத்துக்கு மன்னிப்பு. மூன்றாவது வரியிலிருந்து எத்தனை பீஸ் முடிந்தது, மீதி எந்தத் தேதியில் பேக்கிங், எந்த நாள் தூத்துக்குடியில் கப்பல் என்று எண்கள் மட்டும் இருக்கட்டும்.